ஃபார்மேட் ராணி

பாலக்கரையில் வந்து லூர்துராணி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். ஃபார்மேட் ராணி என்று கேளுங்கள், வாசப்படி வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அம்மா அப்பா வைத்த பேரா அது? ஊர் வைத்த பேர். ஊர் ஒருத்திக்குப் பேர் வைக்கிறபோது கோயிலுக்குக் கூட்டிப்போய் ஞானஸ்நானம் என்று தலையில் தண்ணீர் ஊற்றிக் கேட்டுக்கொண்டா வைக்கிறது? வாயில் வந்ததை வைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் சுமக்கிறவள் பாடு.

அவள் அதைச் சுமந்த கதைதான் இது. பொறுமைசாலி, மன்னிக்கத் தெரிந்தவள் என்றெல்லாம் யாராவது அவளைப் பற்றி எழுதப் புறப்பட்டால் அவளே வந்து கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் எல்லோரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொல்லும்போது, தீங்கு செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வது பற்றி ஒரு வரி வருமே, அந்த இடத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும், அந்தம்மா கேட்டதில்லை. கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த கையோடு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கலையரசன் நடத்திய சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டவர் சவரிராயன். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அவளுக்கு மாமா முறை. பாலக்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடியோ அவர்தான். அவர் படத்தை வெட்டி ஒட்டுகிற கம்ப்யூட்டர் கலையரசன் கடையில்தான் சர்வீஸுக்குப் போகும். நம்ம பொண்ணு, நல்லா படிச்ச பொண்ணு என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் கலையரசன் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

கலையரசனுக்குக் கைராசிக்காரர் என்று பேர். வாய் அதைவிட ராசியானது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் கடைக்கென்று தனி பாஷையே வைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் தேடிப் படிக்கிற சின்னப் பகுதி ஒன்று டிஸ்க்கில் உண்டு. அது இல்லாவிட்டால் உள்ளே என்ன இருந்தாலும் மெஷின் திறக்காது. படித்தவர்கள் அதை பூட் பார்ட்டிஷன் என்பார்கள். கலையரசன் கடையில் அதற்குப் பேர் 'வாசல்'. விண்டோஸ் போட்டு முடித்து மெஷின் நல்லபடியாகத் திறந்துவிட்டால், ஏகாதசிக் கூட்டத்தில் நிற்கிறவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கி, சொர்க்க வாசல் திறந்தாச்சு என்பார். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். லூர்துராணியும் சிரித்திருக்கிறாள். அவளும் அதை வாசல் என்றுதான் சொல்லப் பழகினாள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் வாசல் இருக்கிறதா என்று பார், முன்னால் சின்னதாக நிற்கும், அதுதான் என்பது அவர் சொல்லித் தந்த பாடம். பாடத்தில் பெரிய ஓட்டை. ஒரே டிஸ்க் இருக்கிற மெஷினுக்கு அது போதும். இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் போதாது. பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு வாசல் இருந்தால், புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டாலும் அது தனக்கென்று புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளாது. பழைய வாசலிலேயே தன் சாவியையும் மாட்டிவிடும். வீடு புது மனையில், வாசல் பழைய மனையில். இரண்டும் மாட்டியிருக்கிற வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. பழையதைக் கழற்றினீர்களோ, தீர்ந்தது கதை.

கலையரசன் வாசல் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்க்க மாட்டார். லூர்துராணி வந்த கொஞ்ச நாளிலேயே இதைக் கவனித்துச் சொல்லவும் சொன்னாள். பாப்பா சொல்லிக் கேட்கிற ஆளா அவர்?

சவரிராயன் மெஷினில்தான் வினை வந்தது. தை மாதக் கல்யாணங்கள் எல்லாம் எடுத்து முடித்து, வெட்டி ஒட்ட வேண்டிய நேரம். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவந்து வைத்தார். உள்ளே விண்டோஸுக்கு ஒரு டிஸ்க், வீடியோவுக்குத் தனியாக ஒரு டிஸ்க். கலையரசன் இன்னொரு புது டிஸ்க் மாட்டி விண்டோஸ் போட்டார். பழைய விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி, இருந்ததை எல்லாம் துடைத்து அழித்தார். மெஷின் திறக்கவில்லை. வாசல் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது, வேறென்ன. சவரிராயனோ வந்துகொண்டிருக்கிறேன் என்று போன் மேல் போன். பதறிப்போன மனுஷன் பென் டிரைவைச் செருகி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எந்த டிஸ்க் என்று கேட்கிற பக்கத்தில் இரண்டு டிஸ்க் நின்றன. ஒன்று புதியது, இன்னொன்று வீடியோ எல்லாம் இருக்கிற டிஸ்க். இரண்டும் ஒரே அளவு.

"அண்ணே, அது வீடியோ டிஸ்க்கு. அதைத் தொடாதீங்க" என்றாள் லூர்துராணி.

"சும்மா இரு பாப்பா" என்றவர் அதைத்தான் ஃபார்மேட் போட்டு அழித்தார். அழித்ததோடு விடவில்லை, அதன் மேலேயே விண்டோஸையும் போட்டார். அப்புறம் எதைத் தோண்டி எடுப்பது?

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சவரிராயன் உள்ளே வந்தார். கலையரசன் நாற்காலியை விட்டு எழுந்து, லூர்துராணியின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினார். பொண்ணு தெரியாமல் அழித்துவிட்டது, புதுசு, பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்ன தோரணையைக் கேட்டவர்கள், இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நான் இல்லை மாமா என்றாள் லூர்துராணி. சவரிராயன் அவளைப் பார்க்கவே இல்லை, மேசையைப் பார்த்தார். மறுநாள் அவளுக்கு வேலை போயிற்று.

வேலை போனால் போகட்டும், பேர் வந்து சேர்ந்ததே! மாதா கோயில் வாசலில், ரேஷன் கடையில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், எங்கே நின்றாலும் ஃபார்மேட் ராணி. செல்போன் கெட்டுப்போனால் கூட அவள் கையில் தர பயந்தார்கள். ஒரு வீட்டில் அவளைக் கண்டதும் டிவி ரிமோட்டை எடுத்து ஒளித்து வைத்தார்கள், விளையாட்டுக்காம். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து தெருமுனை வரைக்கும் அழுதாள். கல்யாண வீடியோவைப் பறிகொடுத்த பெண்களில் ஒருத்தி அவளோடு படித்தவள். இன்றுவரை பேச்சில்லை.

காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனால்தான் மூச்சு விட முடியும் என்று ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். அம்மா மண்டபம் ரோட்டில் சந்திரம்மாள் என்று ஒரு அம்மாள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அங்கே நகல் எடுக்கிற வேலையில் ஆரம்பித்து, மூலையில் ஒரு மேசை போட்டு ரிப்பேர் பார்த்து, பிறகு பக்கத்துக் கடையைத் தானே பிடித்தாள். சித்திரை வீதி, உத்தர வீதி வீடுகளிலிருந்தெல்லாம் மெஷின் வந்தது. எல்லாம் பெருமாள் அனுக்ரஹம், உன் கை பட்டால் பிழைத்துக்கொள்கிறது என்று ஒரு மாமி மெச்சினாள். ராணி கம்ப்யூட்டர்ஸ் என்று போர்டு வைத்தாள். வைத்து வாரம் ஆகவில்லை, பாலக்கரைக்காரன் ஒருத்தன் ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் போர்டைப் பார்த்து, ஓ, ஃபார்மேட் ராணி கடையா என்று சத்தமாகக் கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்திலும் அதே பேர். பாலம் எதற்குக் கட்டினார்கள், இதற்குத்தான் போலிருக்கிறது!

மெஷின் பழுது பார்க்கிற ஒவ்வொரு தடவையும், வாசல் எந்த டிஸ்க்கில் என்று பார்க்கிற ஒவ்வொரு தடவையும், கலையரசனின் கை தன் தோளைப் பிடித்து நகர்த்தியது அவளுக்கு ஞாபகம் வரும். அந்தக் கை என்றைக்காவது என் முன்னால் கும்பிட வேண்டும் என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்குவாள்.

பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் கிடையாது என்று ஊரெல்லாம் புதுசுக்கு மாறிய சமயம் அந்த வாய்ப்பு வந்தது. சமயபுரம் போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே பிரிண்டர் பழுது பார்ப்பவள் லூர்துராணி. லேப் பொறுப்பாளர் நஸ்ருல்லா மரியாதை தெரிந்தவர். ஒரு நாள் மத்தியானம் பிரிண்டருக்காகப் போனவள், லேப் முழுக்க மெஷின்களைத் திறந்து போட்டிருப்பதைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் புது டிஸ்க் மாட்டிப் புது விண்டோஸ் போட்டாயிற்று, பழைய டிஸ்க்குகளைக் கழற்றுவதுதான் பாக்கி என்றார் நஸ்ருல்லா. யார் எடுத்துச் செய்கிறார்கள் என்று கேட்டாள். கலையரசன் என்றார்.

பிரிண்டரைச் சோதிக்கிற சாக்கில் ஒரு மெஷினில் உட்கார்ந்தாள். டிஸ்க் பட்டியலைத் திறந்தாள். பழைய டிஸ்க்கின் முகப்பில் சின்னதாக வாசல். புது டிஸ்க்கில் வாசலே இல்லை. அடுத்த மெஷினிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்துக் கூடப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார் நஸ்ருல்லா.

"பிரிண்டர் சரியாயிடுச்சு சார்" என்றாள் லூர்துராணி. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே தோளில் அந்தக் கை ஞாபகம் வந்தது. போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. கலையரசன் குரல். ஒரு காலத்தில் பாப்பா என்று கூப்பிட்ட வாய் ராணி மேடம் என்றது. லேப் மொத்தமும் படுத்துவிட்டது, ஒரு மெஷினும் திறக்க மாட்டேன் என்கிறது. யூட்யூப் பார்த்து என்னென்னவோ அடித்துப் பார்த்தாராம், ஆக்சஸ் டினைடு என்றே வருகிறதாம். மறுபடி முதலிலிருந்து போடலாம் என்றால் வாத்தியார்கள் ஏற்றி வைத்த சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும். திங்கட்கிழமை பிராக்டிகல் பரீட்சை. உங்களைக் கூப்பிடச் சொல்லி நஸ்ருல்லா சார்தான் நம்பர் தந்தார் என்றார். பழைய டிஸ்க்குகளை மறுபடி மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எல்லாவற்றையும் துடைத்து வியாபாரிக்குத் தள்ளிவிட்டாராம்.

"நீங்க தள்ளினது டிஸ்க்கை இல்ல சார், வாசலை. எல்லா வாசலும் அதுலதான் இருந்துச்சு" என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சவரிராயன் மெஷின் ஏன் திறக்கவில்லை என்பதும் சேர்த்தே புரிந்திருக்கும்.

சரிசெய்ய முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். முடியும், புது டிஸ்க்கிலேயே கொஞ்சம் இடம் பிரித்து வாசல் கட்டிவிடலாம், உள்ளே இருப்பது எதுவும் கெடாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிள்ளைகள் பரீட்சை கெடாது என்று கணக்குப் போட்டுத்தான் அவள் இவர் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

"ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சவரிராயன் மாமா வீட்டுக்கு வாங்க. அன்னைக்கு மவுஸ் யார் கையில இருந்துச்சுன்னு அவருகிட்ட உங்க வாயால சொல்லுங்க. சொன்னா அங்கேருந்தே காலேஜுக்குக் கிளம்பிடலாம்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா அது?"

"எனக்கு ஒரு நாளும் கழியல சார்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த வரி வந்தது. வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே மூடிக்கொண்டாள்.

கலையரசன் சொன்னபடி வந்தார். தலை நரைத்து, சட்டை தொளதொள என்று இருந்தது. சவரிராயன் முன்கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். கலையரசன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அந்த டிஸ்க்கை அழித்தது நான்தான், இந்தப் பெண் வேண்டாம் என்று தடுத்தாள், பழியை இவள் மேல் போட்டுவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையைக் கும்பிட்டார். எந்தக் கையோ அந்தக் கை. எத்தனை நாள் கேட்ட வரம்!

மாமா எழுந்து வருவார், ஐயோ உன்னைப் போய் இப்படி நினைத்துவிட்டேனே என்பார், தெருவெல்லாம் போய்ச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றாள். சவரிராயன் எழுந்திருக்கவில்லை. ஒரு சங்கடச் சிரிப்புச் சிரித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. கண்ணாடிக் கதவுக்கு வெளியில நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவரு கைதான் மவுஸ்ல இருந்துச்சு."

அவர் பாட்டுக்கு விளக்கிக்கொண்டே போனார். பொண்ணு வீட்டுக்காரர்கள் எல்லாம் அடிக்க வந்தார்கள். கடைக்காரர் அழித்தார் என்றால் அந்தக் கடையில் ஏன் கொடுத்தாய் என்று என்னைத்தான் கேட்பார்கள். சின்னப் பொண்ணு தெரியாமல் பண்ணிவிட்டது என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். விட்டும்விட்டார்கள். கலையரசனும் பாவம், அன்றிலிருந்து என் மெஷினுக்கு ஒன்றும் வாங்காமல்தான் பார்த்துத் தருகிறார்.

"ஒரு வீட்டுல ரொம்பக் கோவமா இருந்தாங்க. சிரிக்க வைக்கலாமேன்னு, அவ லூர்துராணி இல்லங்க, ஃபார்மேட் ராணின்னு சொன்னேன். அப்படியே சிரிச்சிட்டாங்க. அது ஊரெல்லாம் பரவும்னு நான் கண்டேனாம்மா?"

பேர் வைத்த புண்ணியவான் அவர்தான். தலையில் தண்ணீர் ஊற்றாத ஞானத்தகப்பன். இத்தனை வருஷமாக அவள் தப்பான ஆளின் கையை மட்டும் நினைத்து ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறாள். கலையரசன் பயத்தில் செய்தார். இவர் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார், சொந்தக்காரர் வேறு. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் தெரு கூடும், ஃபார்மேட் ராணிக்குக் கோபம் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பேர் வைக்கும்.

பேச்சை மாற்றுகிற அவசரத்தில் சவரிராயன் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் கலையரசன் புது டிஸ்க் மாட்டி, அதில் விண்டோஸ் போட்டு, வீடியோவை எல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தாராம், பறக்கிறதாம். பழைய டிஸ்க் இன்னும் உள்ளேயே சும்மா கிடக்கிறது. கழற்றி லால்குடியில் இருக்கிற மாப்பிள்ளை ஆஸ்டினுக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறார், அவன் துடைத்துவிட்டுப் பாட்டுப் படம் போட்டுக்கொள்வான். வந்தது வந்தாய், ஒரு பார்வை பார்த்துச் சொல்லேன், கழற்றலாமா என்றார்.

லூர்துராணி நின்றபடியே மவுஸை நகர்த்தி டிஸ்க் பட்டியலைத் திறந்தாள். பழைய டிஸ்க்கின் முகப்பில் சின்னதாக வாசல். புது டிஸ்க்கில் அவர் வீடியோக்கள் நிறைந்திருந்தன, வாசல் இல்லை. கழற்றினால் வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகாது, பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே போகத்தான் வழி இருக்காது. இது நல்ல கல்யாண சீசன்.

கதவோரம் நின்ற கலையரசனும் திரையைப் பார்த்தார். போனில் பேசிய நாளிலிருந்து வாசல் எந்த டிஸ்க்கில் என்று அவருக்கும் பார்க்கத் தெரிந்திருந்தது. முகம் வெளுத்து, வாயைத் திறந்தார். லூர்துராணி திரும்பி அவரைப் பார்த்தாள். கல்லூரி லேப்பைத் திறக்கிற வழி அவள் பைக்குள் இருந்தது. கலையரசன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"போட்டது கலையரசன் சார்தானே. அவரையே கேளுங்க மாமா" என்றாள்.

சவரிராயன் அவர் பக்கம் திரும்பினார்.

"தாராளமா கழட்டலாம் சார்" என்றார் கலையரசன்.

லூர்துராணி பட்டியலை மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமாவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"கழட்டினப்புறம் ஒருவேளை மெஷின் தொறக்கலைன்னா ஸ்ரீரங்கத்துக்குத் தூக்கிட்டு வாங்க மாமா, நான் பார்த்துக் குடுக்குறேன். அம்மா மண்டபம் ரோட்டுல இறங்கி, ஃபார்மேட் ராணி கடை எதுன்னு சத்தமா கேளுங்க. யாரு வேணும்னாலும் காட்டுவாங்க."

கேட்கிறேம்மா, கேட்கிறேம்மா என்று தலையை ஆட்டினார் சவரிராயன். அவள் படி இறங்குவதற்குள் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று வீட்டுக்குள் அவர் குரல் கேட்டது. கலையரசன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தார். லூர்துராணி பின்னால் ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றாள்.